16 வயசுல வெயிட் தூக்கலாமா? புரோட்டீன் பவுடர் தேவையா? வடசென்னை டீன் ஏஜ் பசங்களுக்கான முழு விளக்கம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குத்துச்சண்டையும் ஜிம்மும் புதுசு இல்லை. பா.ரஞ்சித் இயக்கத்தில் 2021-ல் வெளியான 'சார்பட்டா பரம்பரை' படம் காட்டிய 1970-களின் வடசென்னையில், தண்டாலும் பஸ்கியும் இளைஞர்களின் அன்றாடப் பழக்கம்.

இன்று அதே தெருக்களில் 10-ம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் பசங்க கையில் செல்போன் இருக்கிறது. '3 மாசத்தில் சிக்ஸ் பேக்' என்று ரீல்ஸ் ஓடுகிறது. 'அந்தப் பவுடரைக் குடி', 'இந்த ஊசியைப் போடு' என்று சொல்லவும் ஆள் இருக்கிறார்கள். வீட்டிலோ, 'இப்பவே வெயிட் தூக்காதடா, குள்ளமாயிடுவ' என்று பயமுறுத்துகிறார்கள்.

இதில் எது உண்மை? டீன் ஏஜில் உடம்பை ஏற்ற சரியான வழி என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமா சொன்னா...

- முறையாகக் கற்றுக்கொண்டு, ஆள் மேற்பார்வையில் செய்தால் டீன் ஏஜில் வெயிட் பயிற்சி பாதுகாப்பானதுதான்.
- வாரம் 3 நாள் போதும். தினமும் தேவையில்லை.
- தசை வளர்வதற்கு முக்கியக் காரணம் சாப்பாடும் தூக்கமும்தான். டப்பா இல்லை.
- ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை பக்கமே போகக் கூடாது. வளர்த்தியை உண்மையிலேயே நிறுத்தக்கூடியது அதுதான்.

வெயிட் தூக்கினா குள்ளமாயிடுவாங்களா?

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. வளரும் பிள்ளைகளின் கை, கால் எலும்புகளின் முனைக்கு அருகில் 'வளர்ச்சித் தட்டு' என்ற மென்மையான பகுதி இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். பருவ வளர்ச்சி முடியும்போது அது கெட்டியாகி மூடிவிடும். அதற்குப் பிறகு உயரம் ஏறாது.

அந்தத் தட்டில் பலமாக அடிபட்டால் பாதிப்பு வரலாம். ஆனால், முறையான வெயிட் பயிற்சியால் வளர்ச்சி நின்றுபோகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2020-ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. சரியான முறையும் மேற்பார்வையும் இருந்தால் வளரிளம் பருவத்தினருக்கு இந்தப் பயிற்சி பாதுகாப்பானது, எலும்பையும் பலப்படுத்தும் என்கிறது.

சர்வதேச பளு தூக்குதல் போட்டிகளிலேயே 13 முதல் 17 வயது வரை தனிப் பிரிவு உள்ளது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பளு தூக்கினார்கள்.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். கிளாஸ்கோவில் அவர் தூக்கிய மொத்த எடை 328 கிலோ. இந்த அளவை யாரும் சில மாதங்களில் எட்டுவதில்லை. அதற்குப் பின்னால் பல வருடப் பயிற்சி இருக்கிறது.

பிறகு காயம் எப்படி வருகிறது? பெரும்பாலும் தூக்கும் முறை தெரியாமல் அதிக எடையைப் போடுவதால். 'நீ எவ்ளோ தூக்குற பார்க்கலாம்' என்று நண்பர்களோடு பந்தயம் கட்டுவதுதான் ஆபத்து.

முதல் 2 மாதம் கண்ணாடியில் ஒண்ணும் தெரியாது, ஏன்?

பயிற்சி தொடங்கிய முதல் 6 முதல் 8 வாரங்களில் பலம் கூடும், ஆனால் உடம்பு பெரிதாகத் தெரியாது. அந்த நேரத்தில் முக்கியமாகப் பழகுவது நரம்புகள். இருக்கும் தசையை முழுசாக வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது. தசை பருமனாவது அதற்குப் பிறகே நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு 12 வயதிலேயே பருவ வளர்ச்சி தொடங்கியிருக்கும். இன்னொருவனுக்கு 14-ல் தொடங்கும். டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் கூடிய பிறகே ஆண் பிள்ளைகளுக்குத் தசை வேகமாக ஏறும். ஆகவே, 'அவனுக்கு வந்துடுச்சு, எனக்கு வரலையே' என்ற கவலை பெரும்பாலும் தேவையற்றது. 14 வயது முடிந்தும் பருவ மாற்றத்தின் அறிகுறியே இல்லை என்றால் மட்டும் மருத்துவரைப் பார்க்கலாம்.

இந்த முதல் 2 மாதத்தில்தான் பலர் பொறுமை இழந்து பவுடருக்கும் ஊசிக்கும் போகிறார்கள். இது தெரிந்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

வாரம் எத்தனை நாள்? என்னென்ன பயிற்சி?

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு, அதில் வாரம் 3 நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை இது. திங்கள், புதன், வெள்ளி என ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நாளும் உடம்பு முழுவதற்கும் வேலை கொடுக்க வேண்டும். பைசெப்ஸ் மட்டும் செய்துகொண்டிருந்தால் பலன் குறைவு.

- முதல் 10 நிமிடம்: மெதுவான ஓட்டம், ஸ்கிப்பிங், கை கால் சுழற்றுதல்
- பஸ்கி: தொடை, இடுப்புக்கு
- தண்டால்: மார்பு, தோள், கைக்கு. முடியாதவர்கள் முட்டி போட்டோ, திண்ணையில் கை ஊன்றியோ செய்யலாம்
- கம்பியில் தொங்கி ஏறும் புல் அப்ஸ், அல்லது குனிந்து எடையை இழுக்கும் ரோயிங்: முதுகுக்கு
- முதுகு வளையாமல் தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட்: லேசான எடையில், சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும்
- பிளாங்க்: வயிறு, முதுகுக்கு

ஒவ்வொன்றும் 2 அல்லது 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முறை கெடக் கூடாது. 12 முறை சுலபமாக வந்துவிட்டால் எடையை 5 முதல் 10 சதவீதம் மட்டும் கூட்டுங்கள். 20 கிலோ தூக்குபவருக்கு அடுத்த படி 21 அல்லது 22 கிலோ. 30 இல்லை.

ஒரு சின்ன நோட்டில் தேதி, எடை, எத்தனை முறை என்று எழுதி வையுங்கள். 3 மாதம் கழித்து உங்கள் முன்னேற்றத்தை கண்ணாடியைவிட அந்த நோட்டு சரியாகச் சொல்லும்.

ஜிம் ஃபீஸ் கட்ட முடியலைன்னா?

பஸ்கி, தண்டால், புல் அப்ஸ், பிளாங்க் நான்கையும் வீட்டு மொட்டை மாடியிலேயே செய்யலாம். எடை வேண்டும் என்றால் தண்ணீர் கேன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 5 லிட்டர் கேன் இரண்டைக் கையில் பிடித்து நடந்தால் மொத்தம் 10 கிலோ. பழகப் பழகத் தண்ணீரைக் கூட்டலாம். 20 லிட்டர் கேனைத் தோளில் தூக்கி மாடி ஏறுவதை மட்டும் முதல் நாளே செய்யாதீர்கள்.

மாநகராட்சி நடத்தும் உடற்பயிற்சிக் கூடங்களும் உண்டு. திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டல அலுவலகங்களில் விசாரித்தால் அருகில் எது இயங்குகிறது என்று தெரியும்.

சில பசங்க விடுமுறையில் மார்க்கெட்டில் கூடை தூக்குவது, கடையில் மூட்டை இறக்குவது என்று வீட்டுக்கு ஒத்தாசை செய்வார்கள். அதுவும் உடம்புக்குச் சுமைதான். அன்றைக்கு ஜிம்மில் மறுபடியும் முதுகுக்கு வேலை கொடுக்காமல் ஓய்வு எடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களை அபாயகரமான வேலைகளில் ஈடுபடுத்துவது சட்டப்படி குற்றம் என்பதையும் பெரியவர்கள் மறக்கக் கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரோட்டீன் வேணும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவுகள்:

- 13-15 வயது ஆண்: 45 கிராம்
- 13-15 வயது பெண்: 43 கிராம்
- 16-18 வயது ஆண்: 55 கிராம்
- 16-18 வயது பெண்: 46 கிராம்

இது எல்லோருக்குமான தினசரி அளவு. கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படலாம். 55 கிலோ எடையுள்ள பையன் என்றால் 66 முதல் 88 கிராம்.

இது டப்பா இல்லாமல் கிடைக்குமா? கிடைக்கும். ஒரு மாதிரிப் பட்டியல் (தோராய அளவு):

- காலை: 4 இட்லி, சாம்பார், 2 முட்டை - 24 கிராம்
- இடைவேளை: ஒரு கைப்பிடி வேர்க்கடலை - 7 கிராம்
- மதியம்: சோறு, மீன் குழம்பில் 100 கிராம் மீன், கீரை - 25 கிராம்
- மாலை: ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல், வாழைப்பழம் - 12 கிராம்
- இரவு: 3 சப்பாத்தி, பருப்பு - 15 கிராம்
- படுக்கும் முன்: ஒரு டம்ளர் பால் - 6 கிராம்

மொத்தம் சுமார் 89 கிராம். மீனுக்குப் பதில் கோழி, பீஃப் எதுவாகவும் இருக்கலாம். சைவம் என்றால் மீல் மேக்கர், பனீர், தயிர், பயறு வகைகள். காய்ந்த மீல் மேக்கர் 30 கிராமிலேயே சுமார் 15 கிராம் புரோட்டீன் இருக்கிறது.

'சோறு சாப்பிட்டா தொப்பை வரும்' என்று டீன் ஏஜ் பசங்க சோற்றைத் தள்ளுவதும் தவறு. 16-18 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 3,320 கலோரி வரை தேவை என்கிறது அதே ஐ.சி.எம்.ஆர். பட்டியல். வளரும் வயதில் கலோரி குறைந்தால், உடம்பு புரோட்டீனைத் தசைக்குப் பயன்படுத்தாமல் எரிபொருளாக எரித்துவிடும். எலும்புக்குக் கால்சியமும் வேண்டும். பாலோடு கேழ்வரகும் கீரையும் கைகொடுக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது?

காசிமேடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு மலிவான நல்ல புரோட்டீன் மீன்தான். வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி எல்லாம் விலை குறைவு, சத்து அதிகம். 100 கிராமில் சுமார் 18 முதல் 20 கிராம் புரோட்டீன். மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் ஒமேகா-3 கொழுப்பும் கூடுதல்.

ஆனால், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும். மீனவர் வீடுகளில் வருமானமும் குறையும். கோடை விடுமுறையில் பசங்க அதிகமாகப் பயிற்சி செய்வதும் இதே நேரத்தில்தான்.

அந்த இரண்டு மாதமும் கணக்கு இப்படி: 100 கிராம் மீனுக்கு ஈடு 3 முட்டை, அல்லது 35 கிராம் மீல் மேக்கர். கருவாடு நல்ல புரோட்டீன்தான், ஆனால் உப்பு அதிகம். தினமும் வேண்டாம்.

10-ம் வகுப்புக்கு அப்புறம் ஒரு இடைவெளி

பலரும் கவனிக்காத விஷயம் இது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 10-ம் வகுப்பு வரை மதிய உணவும், வாரம் 5 நாள் முட்டையும் கிடைக்கின்றன. 5 முட்டை என்றால் வாரத்துக்கு சுமார் 30 கிராம் தரமான புரோட்டீன்.

11-ம் வகுப்பில் கால் வைத்ததும் அது நின்றுவிடுகிறது. ஆனால், தேவை கூடுவது அப்போதுதான். ஆண் பிள்ளைகளின் அளவு 45 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறும் வயது 16. ஜிம்முக்குப் போக ஆசை வருவதும் அதே வயதில்.

எனவே, பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, பள்ளியில் கிடைத்த அந்த முட்டையை வீட்டில் ஈடுகட்டுவது. பவுடர் வாங்குவதைப் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான்.

புரோட்டீன் பவுடர் தேவையா?

பெரும்பாலான டீன் ஏஜ் பசங்களுக்குத் தேவையில்லை. 2024 மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது.

காசுக் கணக்கும் பாருங்கள். ஒரு கிலோ வே புரோட்டீன் டப்பா 2,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் புரோட்டீன் இருக்கும். 4 முட்டையிலும் அதே அளவு கிடைக்கிறது.

டப்பாவில் எழுதியிருப்பதெல்லாம் உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் சப்ளிமென்ட்களைச் சோதித்த ஒரு ஆய்வு 2024-ல் 'மெடிசின்' மருத்துவ இதழில் வெளியானது. அவற்றில் சுமார் 70 சதவீதத்தில் புரோட்டீன் அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் கண்டுபிடிக்கப்பட்டன.

'மாஸ் கெயினர்' டப்பாக்களில் பெரும்பகுதி சர்க்கரை, மாவுச்சத்துதான். கிரியாட்டின், ப்ரீ ஒர்க்அவுட் பவுடர், எனர்ஜி டிரிங்க் ஆகியவற்றை 18 வயதுக்குக் கீழ் தவிர்ப்பது நல்லது. எனர்ஜி டிரிங்கில் உள்ள அதிகக் காஃபின் இதயத் துடிப்பைக் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும்.

மருத்துவர் அல்லது டயட்டீஷியன் சொல்லி வாங்குகிறீர்கள் என்றால், டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 14 இலக்க உரிம எண், தயாரிப்பு தேதி, பில் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்து பாக்கெட்டில் தருவதை வாங்கவே வாங்காதீர்கள்.

'ஒரே ஒரு ஊசி' என்ன செய்யும்?

டெஸ்டோஸ்டிரோன், நான்ட்ரோலோன், ஸ்டனோசோலால் போன்ற அனபாலிக் ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். சில நோய்களுக்கு மட்டும் மருத்துவர்கள் கொடுப்பவை. ஜிம்மில் யாரோ கையில் தருவது அசலா போலியா என்பதும் தெரியாது.

டீன் ஏஜில் இவற்றை எடுத்தால் என்ன ஆகும்?

- வளர்ச்சித் தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும். உயரம் அதோடு நின்றுவிடும்
- விதைப்பை சுருங்கும், விந்தணு உற்பத்தி குறையும்
- ஆண்களுக்கு மார்பகம் பெரிதாகும். அறுவை சிகிச்சை வரை போகலாம்
- முகம், முதுகில் கடுமையான பரு
- கல்லீரல், இதயம் பாதிப்பு. ரத்த அழுத்தம் கூடும்
- கோபம், மனச்சோர்வு. நிறுத்தும்போது இன்னும் மோசமாகலாம்
- ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை கிருமிகள் பரவும்

வெயிட் தூக்கினால் குள்ளமாகிவிடுவான் என்று பயப்படும் பெற்றோர் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

போட்டிகளுக்குப் போகும் ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். ஸ்டீராய்டுகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளவை. சோதனையில் சிக்கினால் 4 ஆண்டுகள் வரை தடை விழலாம். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக் கனவும் அதோடு போய்விடும்.

பொண்ணுங்களும் செய்யலாமா?

தாராளமாக. பயிற்சி முறை ஒன்றுதான். 'ஆம்பளை மாதிரி ஆயிடுவாங்க' என்பது தவறான எண்ணம். பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு என்பதால் பலம் கூடும், ஆனால் ஆண்களைப் போலத் தசை பெருக்காது. எலும்பு பலப்படுவது வயதான காலத்திலும் கைகொடுக்கும்.

இரும்புச்சத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 16-18 வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் தேவை, ஆண்களுக்கு 26. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்றால் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். பயிற்சி தொடங்கிய பின் மாதவிடாய் நின்றுபோனால், சாப்பாடு போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது.

தூக்கம், வெயில், காற்று

13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தசை பழுதுபார்க்கப்படுவதும், வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். நள்ளிரவு 1 மணி வரை போன் பார்த்துவிட்டு 5 மணிக்கு ஜிம்முக்கு ஓடினால் பயிற்சி வீண்.

எண்ணூர், மணலி பகுதியில் காற்றையும் கவனிக்க வேண்டும். அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, கன்டெய்னர் லாரிப் புகை எல்லாம் ஒரே இடத்தில். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி, ராயபுரம், கொடுங்கையூர் நிலையங்களின் காற்றுத் தரக் குறியீடு தெரியும். 200-ஐத் தாண்டினால் அன்று ஓட்டம் வேண்டாம், வீட்டுக்குள் தண்டால், பஸ்கி போதும். மற்ற நாட்களிலும் லாரி ஓடும் சாலையோரம் ஓடாமல் உள்தெரு, மைதானம், கடற்கரைப் பக்கம் போங்கள்.

கோடையில் காலை 7 மணிக்கு முன்போ, மாலை 5 மணிக்குப் பிறகோ பயிற்சி செய்யுங்கள். தண்ணீர், மோர், கம்மங்கூழ் நல்லது. குத்துச்சண்டையில் எடைப் பிரிவுக்காகத் தண்ணீரே குடிக்காமல் எடையைக் குறைக்கும் பழக்கம் உயிருக்கே ஆபத்து.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

- பயிற்சியின்போது நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு
- கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போவது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி இது
- மூட்டு வீக்கம், ஒரு வாரத்துக்கு மேல் குறையாத வலி
- முதுகு வலி காலுக்கு இறங்குவது, மரத்துப்போவது
- ஏற்கெனவே ஊசி, மாத்திரை எடுத்திருந்தால்: மறைக்காமல் சொல்லுங்கள். எடுத்த மருந்தின் பெயர் தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும்

ராயபுரம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சந்தேகம் கேட்க 104 சுகாதார உதவி எண் இருக்கிறது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

'ஜிம்முக்குப் போகாதே' என்று தடுத்தால் பசங்க சொல்லாமல் போவார்கள். அதைவிட ஒருநாள் கூடவே போய் பாருங்கள். மாஸ்டர் முதலில் முறையைச் சொல்லிக் கொடுக்கிறாரா, இல்லை எடையை ஏற்றுகிறாரா? சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாரா, இல்லை டப்பாவை விற்கிறாரா? இந்த இரண்டு கேள்விக்கான பதிலிலேயே அது சரியான இடமா என்று தெரிந்துவிடும்.

திடீரென்று சில வாரங்களில் உடம்பு ஊதுவது, முதுகு முழுக்க பரு, காரணமில்லாத கோபம், கேட்காமல் காசு எடுப்பது, இவை சேர்ந்து வந்தால் திட்டுவதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள்.

16 வயதில் தொடங்கும் பையனுக்கு 20 வயது வர இன்னும் 4 வருடம் இருக்கிறது. வாரம் 3 நாள் பயிற்சி, வேளைக்குச் சாப்பாடு, 8 மணி நேரத் தூக்கம் என்று இருந்தாலே அந்த 4 வருடத்தில் உடம்பு தானாக ஏறும். 3 மாதத்தில் ஏற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், எதை வைத்து என்று முதலில் கேளுங்கள்.